அறுகோண உலோகங்களின் மீட்சிப் பண்பும் மீயொலி அளவீடும்: ஒரு வரலாறு

மக்னீசியம், டைட்டானியம், சிர்க்கோனியம், துத்தநாகம், காட்மியம், கோபால்ட், பெரிலியம் ஆகியவை அறை வெப்பநிலையில் அறுகோணப் படிக அமைப்பைக் கொண்ட உலோகங்கள். இவற்றின் ஒற்றைப் படிகத்தை எத்திசையில் இழுக்கிறோம், எத்திசையில் முறுக்குகிறோம் என்பதைப் பொறுத்து அதன் விறைப்பு மாறும். அந்த விறைப்பை முழுமையாகச் சொல்ல ஐந்து எண்கள் தேவை. அவை மீட்சி மாறிலிகள் எனப்படும். இவ்வைந்தையும் அளக்க இன்று பெரிதும் பயன்படுவது மீயொலி. மனிதக் காதுக்கு எட்டாத, விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி அது. உலோகத்துக்குள் அது செல்லும் வேகத்தை அறிந்தால் விறைப்பைக் கணக்கிடலாம். விறைப்பு தெரிந்தால் உள்ளே இருக்கும் விரிசலின் ஆழத்தைச் சரியாகச் சொல்லலாம்.

ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் தொடங்கிய இந்த அறிவுத்துறையில் பழைய சென்னை மாகாணத்துக்கும் பங்கு உண்டு. அதன் பயன் உயிர்ப் பாதுகாப்போடு தொடர்பு கொண்ட இடம் கல்பாக்கம். எனினும் இதைப் புரிந்துகொள்ள எளிய வழி, அறுகோண உலோகங்களுக்கு அவ்வளவாகப் பெயர்பெறாத ஓர் இடத்திலிருந்து தொடங்குவதே.

எஃகை நம்பிய புறநகர்

சென்னையின் மேற்குப் புறநகர் எஃகினால் வளர்ந்தது. முருகப்பா குழுமம் பிரித்தானிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்தது. மிதிவண்டிச் சட்டத்துக்கு எஃகுக் குழாய் வேண்டும். 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவானதும் கடைசல் பட்டறை, வார்ப்படம், பற்றவைப்பு, வெப்பப் பதப்படுத்தல் என எஃகைச் சுற்றியே ஒரு தொழிலுலகம் அமைந்துவிட்டது.

இத்தகைய தொழிலுலகில் மீயொலிச் சோதனை ஓர் அன்றாட வேலை. தொழிலாளர் வழக்கில் அது ‘யு.டி.’. அச்சுத்தண்டின் மீது எண்ணெயோ கிரீஸோ தடவி, அதன்மேல் புரோபை வைத்தால், உள்ளே சென்ற ஒலித்துடிப்பு அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும். நடுவில் விரிசல் இருந்தால் அதற்கு முன்பே ஓர் எதிரொலி வரும். திரும்பி வர எடுத்த நேரத்தை வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆழம் கிடைத்துவிடும். கருவியை அளவீடு செய்ய ‘வி1’ எனப்படும் எஃகுக் கட்டை உண்டு. அதில் நெட்டலையின் வேகம் விநாடிக்கு 5920 மீட்டர். குறுக்கலையின் வேகம் சுமார் 3250 மீட்டர். இவ்விரு எண்களை வைத்துக்கொண்டே பெரும்பாலான எஃகு வேலைகளை முடித்துவிடலாம்.

இரண்டு எண்களே போதுவது எப்படி என்பது கேட்க வேண்டிய கேள்வி. இரும்பின் ஒற்றைப் படிகம் ஒன்றும் திசை பாராத பொருளல்ல. கனசதுரத்தின் விளிம்பு வழியே அதன் யங் குணகம் சுமார் 130 கிகாபாஸ்கல். மூலைவிட்டம் வழியே சுமார் 280. திசை வேறுபாட்டில் டைட்டானியத்தைவிட இரும்புப் படிகமே மோசமானது. ஆனால் பட்டறைக்கு வரும் எஃகில் கோடிக்கணக்கான நுண்மணிகள் வெவ்வேறு பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. சூடாக்கிக் குளிர்விக்கும்போது இரும்பு ஒரு படிக அமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறித் திரும்புவதால் இந்தக் கலைவு இன்னும் கூடுகிறது. எல்லாத் திசைகளும் சராசரியாகி ஒரே வேகமாகிவிடுகின்றன. எஃகு ஒழுங்காக நடந்துகொள்வது அதன் படிகத்தின் இயல்பால் அன்று, கூட்டத்தின் இயல்பால்.

அறுகோண உலோகங்களில் இந்தச் சராசரி எளிதில் வாய்ப்பதில்லை.

பழக்கடைக் குவியலும் படிக அடுக்கும்

சாத்துக்குடியை அடுக்கும் பழக்கடைக்காரர் முதல் அடுக்கின் பள்ளங்களில் இரண்டாம் அடுக்கை வைக்கிறார். மூன்றாம் அடுக்கை வைக்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் அடுக்குக்கு நேர் மேலே வருமாறு வைத்தால் அது அறுகோண நெருக்கப் பொதிவு. நேராக வராமல் விலகி வைத்தால் செம்பு, அலுமினியம் போன்றவற்றின் கனசதுரப் பொதிவு. இரண்டிலும் நெருக்கம் ஒன்றே. ஆனால் கனசதுர வகையில் பல திசைகள் ஒத்த மதிப்புடையவை. அறுகோண வகையில் அடுக்குகளுக்குச் செங்குத்தான ஒரே ஓர் அச்சு தனித்து நிற்கிறது.

உண்மையான கோளங்களாக இருந்தால் அறுகோண அலகின் உயரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் உள்ள விகிதம் 1.633 ஆக இருக்க வேண்டும். மக்னீசியத்தில் அது 1.624, ஏறக்குறைய சரி. டைட்டானியத்தில் 1.587, சிர்க்கோனியத்தில் 1.593, பெரிலியத்தில் 1.568, இவை சற்றுக் குட்டையானவை. துத்தநாகமோ 1.856 என்று நெட்டையாக நீண்டு நிற்கிறது. காட்மியம் இன்னும் நீளம். நீண்ட உலோகத்தில் அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்வு. ஆகவே துத்தநாகப் படிகத்தை அச்சின் வழியே இழுத்தால் யங் குணகம் சுமார் 35 கிகாபாஸ்கல்; அச்சுக்குக் குறுக்கே இழுத்தால் சுமார் 119. ஒரே துண்டு, மூன்று மடங்குக்கும் மேலான வேறுபாடு. ஒலியும் அப்படியே: அச்சின் வழியே நெட்டலை விநாடிக்கு ஏறத்தாழ 3000 மீட்டர் வேகத்திலும் குறுக்கே ஏறத்தாழ 4800 மீட்டர் வேகத்திலும் செல்கிறது.

மக்னீசியத்தில் இந்த வேறுபாடு இரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. டைட்டானியத்தில் சுமார் ஐந்து. சிர்க்கோனியத்தில் சுமார் ஏழு. சிறியவைபோலத் தோன்றும். ஆனால் ஐம்பது மில்லிமீட்டர் ஆழத்தில் ஐந்து விழுக்காட்டுப் பிழை என்பது இரண்டரை மில்லிமீட்டர். அதைவிட வம்பான விளைவு ஒன்றும் உண்டு: அச்சுக்குச் சாய்வான திசையில் அனுப்பிய ஒலிக்கற்றை, புரோப் பார்க்கும் திசையிலிருந்து விலகிப் பக்கவாட்டில் நகரும். சோதிப்பவர் ஓரிடத்தைப் பார்ப்பதாக நினைப்பார்; ஒலி வேறிடத்தைத் தொட்டுத் திரும்பும்.

இரும்பைவிடப் படிகத்தில் சாதுவான டைட்டானியமும் சிர்க்கோனியமும் தொழிலில் தொல்லை தருவதற்குக் காரணம் அவை வளையும் முறை. அறுகோணப் படிகத்தில் அணு அடுக்குகள் எளிதாக வழுக்கிச் செல்லக்கூடிய தளங்கள் சில மட்டுமே. உருட்டினாலும் பிதுக்கினாலும் குழாயாக இழுத்தாலும் மணிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பக்கம் திரும்பிக்கொள்கின்றன. இதைத் திசையமைவு என்பர். எஃகில் கூட்டம் கலைந்து நிற்கிறது. சிர்க்கோனியக் குழாயில் அது அணிவகுத்து நிற்கிறது.

எத்தனை மாறிலிகள்?

ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி ஓர் எண்ணோடு நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஒரு பெரிய சண்டையாக வளர்ந்தது. அணுக்கள் ஒன்றையொன்று அவற்றை இணைக்கும் நேர்கோட்டின் வழியே மட்டும் இழுக்கின்றன என்று நவியே, கோஷி போன்ற பிரெஞ்சு அறிஞர்கள் கொண்டனர். அப்படியானால் எந்த ஒழுங்கும் இல்லாத படிகத்துக்குக்கூட 15 மாறிலிகள் போதும். ஆங்கிலேயரான ஜார்ஜ் கிரீன், ஆற்றல் அழிவின்மையிலிருந்து தொடங்கி 1830-களின் இறுதியில் 21 என்ற எண்ணுக்கு வந்தார். இரு தரப்புக்கும் இடையே அரை நூற்றாண்டு வாதம் நடந்தது.

அதைத் தீர்த்தவர் ஜெர்மானியரான வால்டெமர் வோய்க்ட். அவர் படிகங்களிலிருந்து மெல்லிய கோல்களை வெவ்வேறு திசைகளில் வெட்டி, வளைத்தும் முறுக்கியும் பொறுமையாக அளந்தார். கோஷியின் உறவுகள் பொய்த்தன. கிரீனின் கணக்கே நின்றது. படிகச் சமச்சீர் கூடக்கூட 21 குறையும். கனசதுரத்துக்கு மூன்று, அறுகோணத்துக்கு ஐந்து. அறுகோணத்துக்கு ஆறு ஆகாமல் ஐந்தானதற்கு அழகான காரணம் உண்டு. தனி அச்சைச் சுற்றி எத்திசையில் அளந்தாலும் மீட்சிப் பண்பு மாறுவதில்லை. அறுகோணத்தின் ஆறு மூலைகளை மீட்சிப் பண்பு கண்டுகொள்வதே இல்லை. வோய்க்டின் படிக இயற்பியல் நூல் 1910-இல் வந்தது.

ஆனால் வோய்க்ட் அளந்தவை பெரும்பாலும் இயற்கையில் பெரிதாகக் கிடைத்த கனிமங்கள். உலோகத்தில் ஒற்றைப் படிகம் கிடைப்பது அரிது. மக்னீசியம் அறுகோண நெருக்கப் பொதிவு உடையது என்பதையே எக்ஸ் கதிர் கொண்டு ஆல்பர்ட் ஹல் 1917-இல்தான் காட்டினார். 1920-களில் துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றின் ஒற்றைப் படிகங்களை வளர்க்க முடிந்ததும் ஜெர்மனியில் குரூனைசனும் கோயன்சும், அமெரிக்காவில் பிரிட்ஜ்மனும் அவற்றின் மாறிலிகளை அளந்தனர். வளைத்து அளக்கும் முறைக்கு இங்கே ஒரு சங்கடம். துத்தநாகப் படிகம் சிறு விசைக்கே அடுக்கு அடுக்காக வழுக்கிவிடும்; மீட்சியை அளக்கப் போய் நிரந்தர வளைவை அளக்க நேரும். மிகச் சிறிய திரிபை மட்டும் உண்டாக்கி, சர்க்கரைக் கட்டி அளவுள்ள படிகத்திலேயே அளக்க ஒரு வழி வேண்டியிருந்தது. மீயொலி அதைத் தந்தது.

வால்டேரின் ஆப்பு

1932-இல் அமெரிக்காவில் டெபையும் சியர்சும், பிரான்சில் லூக்காவும் பிகாரும் தனித்தனியே ஒரே நிகழ்வைக் கண்டனர். மீயொலி பாயும் திரவத்தின் வழியே ஒளியைச் செலுத்தினால், ஒலியலையின் நெருக்கமும் நெகிழ்வும் கீற்றணிபோல வேலை செய்து ஒளியைப் பல கோடுகளாகப் பிரிக்கின்றன. கோடுகளின் செறிவு ஏன் அப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு விளக்கம் தந்தவர்கள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமனும் அவருடைய மாணவர் என். எஸ். நாகேந்திர நாத்தும். இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 1935, 1936 ஆண்டுகளில் தொடராக வந்த அவர்களது கட்டுரைகள் இன்றும் இராமன்-நாத் கோட்பாடு என்ற பெயரில் பாடநூல்களில் உள்ளன.

அந்த ஒளிக்கோடுகளைப் படிகத்தின் மாறிலியை அளக்கும் கருவியாக மாற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சூரி பகவந்தம். 1909-இல் பிறந்த இவர் கல்கத்தாவில் இராமனிடம் பயின்று, பின்னர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அன்று அது சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. 1940-களில் பீமசேனாச்சாருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறைக்கு ஆப்பு முறை என்று பெயர்.

முறையின் எளிமையே அதன் சிறப்பு. குவார்ட்சு போன்ற படிகத் தகட்டை ஒரே தடிப்பாகச் செய்யாமல், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஆப்பு வடிவில் செதுக்குவர். தடித்த பகுதி குறைந்த அதிர்வெண்ணிலும் மெலிந்த பகுதி உயர்ந்த அதிர்வெண்ணிலும் ஒத்ததிரும். ஆகவே ஒரே ஆப்பைக் கொண்டு அதிர்வெண்ணைத் தொடர்ச்சியாக மாற்றிக்கொண்டே போகலாம். அளக்க வேண்டிய தகட்டை ஆப்புக்கும் திரவத்துக்கும் இடையே வைப்பர். தகட்டின் தடிப்பில் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்கும்போது மட்டும் ஒலி அதைத் தடையின்றிக் கடக்கும். அப்போது திரவத்தில் ஒளிக்கோடுகள் பளிச்சென்று தோன்றும். எடுத்துக்காட்டாக, இரண்டு மில்லிமீட்டர்த் தகடு முதன்முதலாக விநாடிக்கு 15 இலட்சம் அதிர்வுகளில் வழிவிட்டால், அலைநீளம் நான்கு மில்லிமீட்டர், வேகம் விநாடிக்கு 6000 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் மாறிலி கிடைத்துவிடும்.

இதில் முக்கியமானது, ஒளி செல்வது திரவத்தின் வழியேதான், படிகத்தின் வழியே அல்ல. அதற்கு முன் ஜெர்மனியில் ஷேஃபரும் பெர்க்மனும் 1934-இல் கண்ட முறைக்கு ஒளி ஊடுருவும் படிகம் தேவைப்பட்டது. ஆப்பு முறையில் ஒளிபுகாப் பொருளையும் அளக்கலாம். வால்டேர்க் குழுவினர் அளந்தவை பெரும்பாலும் கனிமங்களும் உப்புகளுமே. அறுகோண உலோகங்களில் அவர்கள் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் ஒளிபுகாப் பொருளின் சிறு துண்டுகூட ஒலிக்கு வழிவிடும் என்பதைக் காட்டிய பணிகளுள் அதுவும் ஒன்று. போர்க்காலத்தில், கருவிகளுக்குப் பஞ்சமான ஒரு மாகாணப் பல்கலைக்கழகத்தில் இது நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

பகவந்தத்தின் இன்னொரு பங்கு கணிதத்தைச் சார்ந்தது. எந்தச் சமச்சீருக்கு எத்தனை மாறிலிகள் என்பதைக் குலக்கோட்பாட்டின் மூலம் சில வரிகளில் கணக்கிடலாம் என்று அவர் காட்டினார். வெங்கடராயுடுவுடன் எழுதிய குலக்கோட்பாட்டு நூலும், 1966-இல் வெளிவந்த படிகச் சமச்சீர் பற்றிய நூலும் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாயின. அவர் 1961 முதல் 1969 வரை பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்து முதல் வண்டி ஓடியதும் அக்காலத்தில்தான்.

இங்கே சுவையான ஒரு கிளைக்கதை. வோய்க்ட் முடித்துவைத்ததாகக் கருதப்பட்ட எண்ணிக்கைச் சண்டையை 1950-களில் இராமனே மீண்டும் கிளப்பினார். கனசதுரப் படிகத்துக்கு மூன்று போதாது, நான்கு மாறிலிகள் வேண்டும் என்று 1955-இல் அவரும் அவரது உடன்பணியாளர்களும் எழுதினர். பிரான்சில் லாவல் என்பவரும் அதேபோன்ற ஐயத்தைச் சற்று முன்னர் எழுப்பியிருந்தார். உலக இயற்பியலாளர்கள் அதை ஏற்கவில்லை. மாணவரின் குலக்கோட்பாட்டுக் கணக்கே நிலைத்தது, ஆசிரியரின் நான்காவது மாறிலி நிலைக்கவில்லை.

துடிப்பு முறையும் ஆர்கான் அளவீடுகளும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோனும் இங்கிலாந்தில் ஸ்பிரௌலும் எதிரொலித் துடிப்பு முறையில் விரிசல்காட்டிகளைச் செய்தனர். ரேடாருக்காக வளர்ந்த மின்னணுச் சுற்றுகள் அதற்குக் கைகொடுத்தன. போர் முடிந்ததும் அதே துடிப்பு ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது. ஒளியும் திரவமும் இனித் தேவைப்படவில்லை. அறுகோணப் படிகத்துக்கு வேலை முறை தெளிவாயிற்று. அச்சின் வழியே நெட்டலை, குறுக்கலை என இரண்டு வேகங்கள். அச்சுக்குக் குறுக்கே இன்னும் இரண்டு. இவற்றால் நான்கு மாறிலிகள் கிடைத்துவிடும். ஐந்தாவதற்காக அச்சுக்குச் சாய்வாக, பொதுவாக 45 பாகையில், ஒரு படிகத்தை வெட்ட வேண்டும். வெட்டும் கோணம் சற்றுப் பிசகினாலும் அந்த எண் பிசகும். பழைய அட்டவணைகளில் ஐந்தாவது மாறிலி ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாமல் இருப்பது இதனால்தான்.

மெக்ஸ்கிமின் கோபால்ட்டையும், ஸ்லட்ஸ்கியும் கார்லண்டும் 1957-இல் மக்னீசியத்தையும் அளந்தனர். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஃபிஷரும் ரென்கெனும் டைட்டானியம், சிர்க்கோனியம், ஆஃப்னியம் மூன்றையும் திரவ ஹீலிய வெப்பநிலையிலிருந்து பல நூறு பாகை வரை அளந்து 1964-இல் வெளியிட்டனர். இன்றும் பாடநூல்கள் எடுத்தாள்வது அந்த எண்களையே. டைட்டானியத்தின் அச்சுவழி விறைப்பு சுமார் 181 கிகாபாஸ்கல், குறுக்குவழி சுமார் 162. சிர்க்கோனியத்தில் முறையே 165, 143. வெப்பம் ஏற ஏற இவ்வுலோகங்களின் சறுக்கு விறைப்பு வழக்கத்தைவிட வேகமாகச் சரிவதையும் அவர்கள் கண்டனர். டைட்டானியம் 882 பாகை செல்சியசிலும் சிர்க்கோனியம் 863 பாகையிலும் அறுகோணத்தை விட்டுக் கனசதுர அமைப்புக்கு மாறுகின்றன. அந்த மாற்றத்தை நோக்கி உலோகம் முன்கூட்டியே தளர்கிறது என்று சொல்லலாம்.

வேகத்தோடு இன்னொரு பண்பும் அளக்கப்பட்டது: ஒலி செல்லச்செல்ல வலுவிழக்கும் தேய்வு. மணிகளின் எல்லையில் சிதறுவதால் ஒரு பங்கு இழப்பு. படிகத்தின் வெப்ப அதிர்வுகளோடு மோதுவதால் இன்னொரு பங்கு. அலகாபாத் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2000-களில், அணுக்களுக்கு இடையிலான விசையை மாதிரியாக வைத்து அறுகோண உலோகங்களின் மாறிலிகளையும் இந்த இரண்டாம் வகைத் தேய்வையும் கணக்கிட்டு வெளியிட்டனர். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் 2003-இல், அலுமினியமும் மாலிப்டினமும் வனேடியமும் கலந்த விடி14 என்னும் டைட்டானியக் கலவையில் மீயொலியின் வேகத்தையும் தேய்வையும் அளந்து, எந்த வெப்பநிலையில் பதப்படுத்தப்பட்டது என்பதற்கேற்ப அவை மாறுவதைக் காட்டினர். துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்காமலேயே உள்ளிருக்கும் படிக நிலைகளின் பங்கைச் சொல்ல இதனால் முடிகிறது.

கல்பாக்கத்துக் குழாய்கள்

சிர்க்கோனியம் நியூட்ரான்களை மிகக் குறைவாகவே விழுங்கும். வெந்நீரிலும் எளிதில் அரிக்கப்படாது. ஆகவே அணு உலைக்கு ஏற்ற உலோகம். தமிழ்நாட்டுக்கும் அதற்கும் உள்ள உறவு மணலிலிருந்தே தொடங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட்டு, மோனசைட்டு ஆகியவற்றோடு சிர்க்கான் மணலும் பிரித்தெடுக்கப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் 2009-இல் சிர்க்கோனிய வளாகம் திறக்கப்பட்டது. குழாய்களாக உருவெடுப்பது ஐதராபாத்தின் அணு எரிபொருள் வளாகத்தில்.

சென்னை அணுமின் நிலையத்தின் ஒவ்வோர் உலையிலும் 306 குளிர்விப்பு வழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுமார் 8 செ.மீ. உள்விட்டமும் நான்கு மில்லிமீட்டரை ஒட்டிய சுவர்த் தடிப்பும் கொண்ட அழுத்தக் குழாய் ஒன்று உண்டு. 250 முதல் 290 பாகை வரை சூடான கனநீர் உயர் அழுத்தத்தில் அதனுள் ஓடுகிறது. தொடக்கத்தில் இவை சிர்க்கலாய்-2 என்ற கலவையால் ஆனவை. முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது 1983 ஜூலை 2 அன்று.

அடுத்த மாதமே, 1983 ஆகஸ்ட் 1 அன்று, கனடாவின் பிக்கரிங் நிலையத்தின் இரண்டாம் உலையில் அதே சிர்க்கலாய்-2 அழுத்தக் குழாய் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. உலையைப் பணியாளர்கள் பத்திரமாக நிறுத்தினர். காரணம் தேடியபோது தெரிந்தது இது: நீரிலிருந்து சிறிது சிறிதாக உலோகத்துக்குள் ஐதரசன் ஏறுகிறது. அழுத்தக் குழாயைச் சுற்றிக் குளிர்ந்த வெளிக்குழாய் ஒன்று உண்டு. இரண்டும் தொடாமலிருக்கச் சுருள்வில் வளையங்கள் தளர்வாகப் பொருத்தப்பட்டிருந்தன. வளையம் இடம்பெயர்ந்துவிட, சூட்டில் மெல்லத் தொய்ந்த குழாய் வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடம் குளிர்ந்தது. ஐதரசன் குளிர்ந்த இடத்தை நோக்கி நகரும். அங்கே சேர்ந்து ஐதரைடு கொப்புளங்கள் ஆயிற்று. ஐதரைடு உடையக்கூடியது. கொப்புளங்கள் வெடித்து, விரிசல்கள் ஒன்றுசேர்ந்து, குழாய் கிழிந்தது.

கல்பாக்கத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. அதே வகை உலை, அதே கலவை, அதே தளர்வான வளையங்கள். இராஜஸ்தான் நிலையத்திலும் அதே நிலை. எந்தக் குழாய் தொய்ந்திருக்கிறது, எதில் கொப்புளம் தொடங்கியிருக்கிறது என்று கதிர்வீச்சு மிகுந்த அந்த வழிகளுக்குள் யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. பாபா அணு ஆராய்ச்சி மையம் பார்சிஸ் என்ற ஆய்வுக் கருவியை உருவாக்கியது. மீயொலிப் புரோப்களும் சுழல்மின்னோட்டச் சுருள்களும் தாங்கிய தலைப்பகுதி குழாயினுள் ஓடிச் சுவர்த் தடிப்பையும் குறைகளையும் வளையங்களின் இடத்தையும் அளந்து திரும்பும்.

படிகத்தின் திசை இங்கேதான் கணக்குக்குள் வருகிறது. ஐதரைடு மெல்லிய தகடுகளாகவே விளையும். அத்தகடுகள் சிர்க்கோனியத்தின் அறுகோண அடித்தளத்தை ஒட்டிய தளத்தில் படிய விரும்பும். எரிபொருளை மூடும் மெல்லிய உறைக்குழாய்களில் மணிகளின் அச்சு சுவரின் தடிப்புத் திசையை ஒட்டி நிற்குமாறு உருவாக்கப்படுகிறது. அப்போது தகடுகள் சுவருக்கு இணையாக, வெங்காயச் சருகுபோலப் படியும். உள்ளழுத்தம் அவற்றைப் பிளக்க முடியாது. தகடுகள் சுவரின் குறுக்கே நின்றாலோ, அதே அழுத்தம் அவற்றை வாயைத் திறப்பதுபோலத் திறந்துவிடும். ஆகவே குழாய் எந்தத் திசையமைவோடு செய்யப்பட்டது என்பது அதன் வலிமையைப் போலவே முக்கியம். திசையமைவு ஒலியின் வேகத்தையும் மாற்றுவதால், அளப்பவர் அதையும் தெரிந்திருக்க வேண்டும். ஆவடிக் குழாய்க்குப் பொருந்தும் ‘ஒரே வேகம்’ என்ற வசதி இங்கே கிடையாது.

கொப்புளத்தைக் கண்டறிய இந்தியாவில் ஆராயப்பட்ட வழிகளுள் ஒன்று வேக விகித முறை. சுவரின் ஒரே இடத்தில் நெட்டலையையும் குறுக்கலையையும் அனுப்பி, இரண்டும் திரும்ப எடுக்கும் நேரங்களை வகுப்பது அது. தடிப்பு இரண்டுக்கும் பொது என்பதால் கணக்கில் அடிபட்டுப்போகும். தேய்ந்த சுவரா, தேயாத சுவரா என்ற கவலை வேண்டியதில்லை. ஐதரைட்டில் அவ்விரு வேகங்களின் விகிதம் சிர்க்கோனியத்தில் உள்ளதிலிருந்து வேறுபடுகிறது. ஆகவே அந்த எண் ஓரிடத்தில் மட்டும் நகர்ந்தால், உலோகம் அங்கே வேறொன்றாக மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சோதனைகள் காலத்தை நீட்டித்துத் தந்தன. ஆனால் சிர்க்கலாய்-2 குழாய்களை என்றாவது மாற்றியே ஆக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. 1990-களில் இராஜஸ்தான் இரண்டாம் உலையில் முதல் முறையாக எல்லாக் குழாய்களும் மாற்றப்பட்டன. கல்பாக்கத்தின் இரண்டு உலைகளிலும் 2000-களின் முற்பாதியில் அப்பணி நடந்தது. புதிய குழாய்கள் ஐதரசனைக் குறைவாக ஏற்கும் சிர்க்கோனியம்–2.5 விழுக்காடு நியோபியம் கலவையால் ஆனவை. தளர்வான இரண்டு வளையங்களுக்குப் பதிலாக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் நான்கு வளையங்கள் ஒவ்வொரு குழாயிலும் வைக்கப்பட்டன. புதிய கலவையும் அறுகோணக் குடும்பம்தான். அதில் மணிகளின் அச்சு பெரும்பாலும் குழாயின் சுற்றுத் திசையில் நிற்கிறது. ஆகவே பழைய குழாய்களுக்குக் குறித்துவைத்த வேகங்களை அப்படியே கொண்டு இவற்றைப் படிக்க முடியாது. புதிய குழாயிலிருந்தே வெட்டி எடுத்த துண்டுகளில் கருவியை மறுபடி அளவீடு செய்ய வேண்டும்.